மூன்று தாமஸ், மூன்று சார்லி: ஷெர்மன் வீட்டுக் கடிதங்களோடு ஒரு குளிர்காலம்

போன நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் லங்காஸ்டர் ஊருக்குப் போயிருந்தேன். மெயின் தெருவில் ஷெர்மன் குடும்பத்தின் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1829இல் நீதிபதி சார்ல்ஸ் ஷெர்மன் திடீரென்று இறந்தபோது அந்த வீட்டில் 11 பிள்ளைகள். தாயால் எல்லோரையும் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. 9 வயது வில்லியமை, அதே தெருவில் இருந்த தாமஸ் யூயிங் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். அவர் பின்னாளில் செனட்டராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர். 1850இல் வில்லியம் அவருடைய மகள் எலனையே கல்யாணம் செய்துகொண்டார். வளர்த்தவரே மாமனார். வில்லியமின் தம்பி ஜான் ஷெர்மன் 1861இல் செனட்டர் ஆனார். எலனின் சகோதரர்கள் ஹியூ, தாமஸ், சார்ல்ஸ் மூவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல்கள் ஆனார்கள். அதே படையின் பெயர்பெற்ற தளபதி வில்லியம் டெகும்சே ஷெர்மனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தெற்கு மாநிலமான ஜார்ஜியாவை எரித்துக்கொண்டு போன தளபதி என்றுதான் அவரைப் படித்திருந்தேன். அந்த வாசலில் நின்றபோது, இவர்கள் வீட்டுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. காங்கிரஸ் நூலகத்திலும் நோட்ரடாம் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் குடும்பக் கடிதங்களின் படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்காருவேன்.

முதல் வாரம் ஒன்றும் ஓடவில்லை. வில்லியம் வேகமாக எழுதுபவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘கம்ப்’. டெகும்சே என்ற பெயரின் சுருக்கம். ஆங்கிலக் கையெழுத்தில் அதன் ‘u’ எழுத்தின் வாய் கொஞ்சம் மூடிக்கொண்டால் ‘a’ ஆகி, ‘கேம்ப்’ என்று தெரியும், அதாவது ராணுவ முகாம். எலன் கணவரைக் கூப்பிட்ட இடத்தையெல்லாம் நான் முகாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வழி கிடைத்தது. அண்ணன் தம்பி கடிதங்களை வில்லியமின் மகள் ரேச்சல் 1894இல் புத்தகமாகப் பதிப்பித்திருக்கிறார். அச்சான பக்கத்தை ஒரு பக்கமும் கையெழுத்துப் படத்தை மறுபக்கமும் வைத்து, பத்துப் பன்னிரண்டு கடிதங்களை வரிவரியாக ஒப்பிட்டேன். கண் பழகிவிட்டது. அதன்பிறகுதான் அச்சில் வராதவற்றைத் தொட்டேன். பழைய கடிதம் படிக்க நினைப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்: விடை தெரிந்த கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.

கையெழுத்தைவிடப் பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தின. மாமனார் தாமஸ் யூயிங். மைத்துனரும் தாமஸ் யூயிங். மகன் தாமஸ் யூயிங் ஷெர்மன். சார்லியும் அப்படித்தான்: அண்ணன் ஒருவர், மைத்துனர் ஒருவர், 1864இல் பிறந்த கைக்குழந்தை ஒன்று. டாம் என்று வெறுமனே எழுதியிருந்தால் யாரென்று எடுத்துக்கொள்வது? ஒரு தாளில் ஒவ்வொருவரும் பிறந்த வருடம், இறந்த வருடம், எந்த வருடம் எங்கே இருந்தார் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். கான்சாஸ் பேச்சு வந்தால் அது மைத்துனர். அவர் அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதியாக இருந்து, 1862இல் படைக்குப் போனவர். பள்ளிக்கூடப் பேச்சு என்றால் பையன். அந்தத் தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

இன்னொரு தவறும் செய்தேன். வில்லியம் எழுதியதை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். 1861 கடைசியில் கென்டக்கியில் எதிரியின் பலத்தை மிகையாக மதிப்பிட்டு, பதறி, பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். டிசம்பரில் ஒரு சின்சினாட்டி நாளிதழ் அவருக்குப் பைத்தியம் என்றே அச்சடித்தது. ஜனவரியில் தம்பிக்கு எழுதுகிறார்: இந்த அவமானத்தில், பிள்ளைகள் மட்டும் இல்லாவிட்டால் உயிரை விட்டிருப்பேன் என்று. அதைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள்தான் எதிர்ப்பக்கக் கடிதங்களைத் தேடிப் போனேன். அங்கே வேறு காட்சி. ஜான் நவம்பரிலேயே அண்ணனுக்கு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: உன் மனம் எல்லாவற்றின் மேலும் இருட்டைப் போட்டுப் பார்க்கிறது என்று. எலன் ஜானுக்கு எழுதுகிறார்: உங்கள் குடும்பத்திலேயே இந்த மனச்சோர்வு உண்டே என்று பயந்து. பிறகு அதிபர் லிங்கனுக்கே எழுதுகிறார்; ஜனவரி கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாஷிங்டன் போய் நேரில் பார்க்கிறார். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் தனியாகக் கிடந்த மனிதர். இரண்டையும் தேதிப்படி அடுக்கினால், அவருக்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடு. அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் அதன் பதில் இல்லாமல் நான் படிப்பதில்லை.

ஏப்ரலில் ஷைலோ சண்டை. அதில் அவர் பெயர் மீண்டது. அடுத்த வருடம் அக்டோபரில் 9 வயது மகன் வில்லி, அப்பாவின் முகாமுக்கு வந்து திரும்பும்போது டைபாய்டு கண்டு மெம்பிஸில் இறந்தான்.

பிப்ரவரி நடுவில் 1864 டிசம்பருக்கு வந்து சேர்ந்தேன். 22ஆம் தேதி லிங்கனுக்கு அனுப்பிய தந்தி எல்லோருக்கும் தெரியும்: பிடித்த சவானா நகரம் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு, 150 பீரங்கிகள், 25,000 பஞ்சு மூட்டைகள். பள்ளிப் புத்தகங்கள் அங்கே நின்றுவிடும். நான் அடுத்த படத்துக்குப் போனேன். கிறிஸ்துமஸ் அன்று எலனுக்கு எழுதியது. கைக்குழந்தை சார்லி இறந்த செய்தியை வில்லியம் செய்தித்தாளில்தான் பார்த்திருக்கிறார். ஆறு மாதக் குழந்தை. அப்பா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வில்லிக்காக அழுததுபோல் இவனுக்காக அழ முடியவில்லை, இவன் எனக்கு மனதில் மட்டும் இருந்தவன் என்று எழுதுகிறார்.

சுவரில் இருந்த தாளில் மூன்றாவது சார்லிக்கு நேரே ‘1864’ என்று ஒரு முறைதான் எழுதியிருந்தேன். எழுந்து போய், பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இன்னொரு முறை ‘1864’ என்று எழுதினேன்.