முப்பதைத் தாண்டி ஒரு நீட் விண்ணப்பம்

மருத்துவமனைகளில் வெண்டிலேட்டர் சர்வீஸ் செய்யும் பயோமெடிக்கல் இன்ஜினியராகப் பல வருடம் வேலை பார்த்தேன். ஆக்சிஜன் சென்சார் மாற்றுவது, ஃப்ளோ சென்சாரைச் சரிபார்ப்பது, குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது. மெஷின் ஓடியதும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. குழாயில் ஆக்சிஜன் சுமார் 4 பார் அழுத்தத்தில் வர வேண்டும். எல்லாப் படுக்கைகளும் ஒரே நேரத்தில் இழுத்ததால் அது இறங்கிக்கொண்டே போக, வெண்டிலேட்டர்கள் வரிசையாக அலாரம் அடித்தன. மெஷினில் பழுது எதுவும் இல்லை. டியூட்டி டாக்டர் ஒரு நோயாளியிடம் நின்று, மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிற்க வேண்டிய அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மறுபடி மாற்றினார். அந்தக் குமிழைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு, எப்போது, எவ்வளவு திருப்புவது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் காலம் முழுக்க இதே வேலையில் இருக்க மனம் ஒப்பவில்லை.

சரி, வயது? நீட் எழுத பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த உச்ச வரம்பை 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது. பிளஸ் டூவில் நான் பயாலஜி படித்திருந்தேன். படிக்காதவர்களுக்கும் பிறகு வழி பிறந்தது: பிளஸ் டூ முடித்த பின் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள்.

என் அனுபவத்துக்கு மதிப்பு கிடைக்கும் என்று நினைத்தவர்கள் பலர். எம்பிபிஎஸ் சேர்க்கையில் நேர்காணல் கிடையாது, ஏன் டாக்டராக வேண்டும் என்று யாரும் கேட்பதும் கிடையாது. 720-க்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. முதலில் அது வலித்தது. ஆனால் நேர்காணல் இருந்தால் லாபம் எனக்குத்தான். ஆங்கிலம் வரும், டாக்டர்கள் பழக்கம். கிராமத்திலிருந்து வரும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எதுவும் இருக்காது. கோச்சிங்குக்குக் காசில்லாத பிள்ளைகளை நீட் பின்தள்ளுகிறது என்ற வாதத்தையும் நான் ஏற்கிறேன். அதனால்தான் தமிழ்நாடு 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எனக்குப் பெரிய நிம்மதி. அவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த இடங்களில் என்னைப் போன்றவர்கள் கைவைக்க முடியாது.

படிப்பில் இயற்பியல் தொல்லை தரவில்லை. பாதிக் கேள்விகள், அதாவது 360 மதிப்பெண், பயாலஜி. அங்கே என்சிஇஆர்டி புத்தகத்தை வரி வரியாக மனதில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும், தெரியாததை விட்டுவிடப் பழக வேண்டும். சுவாசப் பாடம் மட்டும் சொந்த ஊருக்குப் போனது மாதிரி இருந்தது.

அப்புறம் சான்றிதழ்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்று வாங்கப் பழைய பள்ளிக்குப் போனால், பிள்ளைக்காகவா என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். உடனே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரிகளை மட்டுமே வரிசைப்படுத்தினேன். தனியார் கல்லூரிக் கட்டணம் எங்களுக்குத் தாங்காது. படிப்பு நாலரை வருடம், பயிற்சி ஒரு வருடம். அத்தனை காலமும் வீடு மனைவியின் சம்பளத்தில் ஓட வேண்டும். இடம் உறுதியான அன்றிரவு அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, என் பிஎஃப் பணத்தை மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கினாள். மறுநாள் ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.