தைப்பூசம் இல்லாத நாளில் பத்துமலை

மலேசியாவில் கோலாலம்பூருக்கு வடக்கே பத்தாங் காலி, ராசா, செரண்டா பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்குப் பத்துமலை என்றால் தைப்பூசம்தான். காவடி, நெரிசல், விடிய விடியக் கண்விழிப்பு, கையைப் பிடித்திருக்கும் பிள்ளை நழுவிவிடுமோ என்ற பயம். அதோடு சரி, இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் முருகன் முன்னால் ஐந்து நிமிடம் நிம்மதியாகக் கைகூப்பி நிற்க வேண்டுமானால், தைப்பூசம் அல்லாத ஒரு செவ்வாயோ வெள்ளியோ போக வேண்டும். காரும் பெட்ரோலும் தேவையில்லை. தண்டவாளம் நம் ஊர் வழியாகவே போகிறது.

காலையில் வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலின் பெட்டிக்குள் சாப்பிடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு வண்டிகளுக்குள் ஏறிவிடுவது முக்கியம். நம் பக்கம் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம் என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் காலைக் குளிர்ச்சி முழுதும் நடைமேடையிலேயே போய்விடும். பயணக் கட்டணத்துக்கான டச் என் கோ அட்டையில் முந்தின இரவே பணம் போட்டு வையுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு, மைகார்ட் என்னும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இளஞ்சிவப்பு நிறப் பெட்டி பெண்களுக்கானது. குடும்பத்தோடு வந்தாலும் ஆண்கள் அதில் ஏற முடியாது, ஆகவே எந்தப் பெட்டியில் ஏறுவதென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பலர் கோலாலம்பூரின் பெரிய நிலையமான கேஎல் சென்ட்ரல் வரை போய் வண்டி மாறுகிறார்கள். அவசியமே இல்லை. தஞ்சோங் மாலிம் தடமும் பத்துமலைத் தடமும் புத்ரா நிலையத்திலேயே சேர்ந்துவிடுகின்றன. அங்கே இறங்கி, வடக்கே போகும் நடைமேடைக்கு மாறுங்கள். தவறு நடப்பதும் இங்கேதான். தஞ்சோங் மாலிம் வண்டியும் பத்துமலை வண்டியும் ஒரே பக்கமாகத்தான் போகும். முகப்புப் பலகையைப் படிக்காமல் வந்த வண்டியில் ஏறினால் செகாம்புட், கெப்போங் என்று நம் ஊருக்கே திரும்பிவிட நேரும். சரியான வண்டி என்றால் அடுத்த நிலையம் செந்தூல்.

2010இல் பத்துமலைக்கு ரயில் வந்த பிறகு, இறங்கினால் கோயில் வாசல்தான். முதலில் எதிர்ப்படுபவர் பச்சை நிற அனுமார். பக்கத்தில் இருக்கும் இராமாயணக் குகைக்குக் கட்டணம் உண்டு. மேல்குகைக்குச் சுவாமி கும்பிடப் போகக் கட்டணம் கிடையாது. அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே பார்க்க வேண்டும். 42.7 மீட்டர் உயரத்தில் 2006 ஜனவரியில் எழுந்த பொன்முருகன் அங்கே வேலோடு நிற்கிறான். முழங்கால் வலிக்கிற பாட்டி தாத்தாவை மேலே இழுக்காதீர்கள். அவன் காலடியில் அவர்கள் அமர்ந்து கும்பிடுவதும் முழு தரிசனம்தான்.

இனி 272 படிகள். குகை வாசலின் வேல் வடிவைக் கண்டு கோலாலம்பூர் வணிகர் தம்புசாமிப் பிள்ளை இங்கே வழிபாட்டைத் தொடங்கியது 1891இல். அடுத்த ஆண்டே தைப்பூசம் நடந்தது. மரப்படிகள் 1920இல்தான் வந்தன, சிமெண்டுப் படிகள் 1940இல். அதற்கு முன்பு கல்லையும் வேரையும் பிடித்து ஏறியவர்களை நினைத்துக்கொண்டால் மூச்சு வாங்குவது பெரிதாகத் தெரியாது. படிகள் செங்குத்து, அகலமும் குறைவு. பெரிய பாதம் முழுதாகப் பதியாது. ஏறும்போது முன்பாதத்தை ஊன்றி ஏறலாம். இறங்கும்போதுதான் ஆபத்து: பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, கைப்பிடியை விடாமல் இறங்க வேண்டும். சன்னதியில்தான் காலணி கழற்ற வேண்டும் என்பதால் படியில் செருப்போடு ஏறலாம். ஆனால் ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பின்வார் உள்ள செருப்பாக இருக்கட்டும். வண்ணம் பூசிய படி மழை பட்டால் வழுக்கும். படிகளுக்கு நடுவே சமதளம் வரும்போதெல்லாம் ஓரமாக நின்று ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். குழந்தைகள் ஒவ்வொரு படிக்கும் ‘வேல் வேல்’ என்று எண்ணிக்கொண்டே ஏறினால் சிணுங்கல் வராது.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பே அவற்றுக்கு அழைப்பு. அர்ச்சனைத் தட்டில் தெரிகிற வாழைப்பழம் சன்னதிக்குப் போய்ச் சேராது. பழம், தேங்காய், பூ எல்லாவற்றையும் ஜிப் வைத்த துணிப்பைக்குள் போட்டு, பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அவற்றின் மொழியில் சண்டைக்கான சைகை. பையைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, நேரே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

குகைக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்துபோகும். சுண்ணாம்புப் பாறை வழியே நீர் மெல்லக் கசிவதால், மழை நின்ற பிறகும் மேலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். தரை ஈரம், கவனம். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். குடும்பத்தார் நட்சத்திரங்களை ஒரு தாளில் எழுதி வைத்தால் குருக்கள் முன்னால் தடுமாற வேண்டாம். வேலாயுதரைத் தரிசித்த கையோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சில படிகள் ஏறினால் உள்குகை. அங்கே வள்ளி தெய்வானையோடு அவன் இருக்கிறான். கூரை திறந்து வானம் தெரியும், வெயில் பாறையோடு வழிந்து இறங்கும். தைப்பூசத்தன்று நிற்க இடம் கிடைக்காத இந்த இடத்தில் சாதாரண நாளில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். கந்தர் அனுபூதியை முணுமுணுத்தபடி உட்காருங்கள். நாள் முழுதும் போனதற்கு இதுதான் பலன்.

வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுங்கள். பிற்பகல் இடிமழையில் படியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அடிவாரத்துச் சைவக் கடைகளில் வாழையிலைச் சோறு கிடைக்கும். கட்டுச்சோறு கொண்டுபோனால் கீழே வெட்டவெளியில் பிரிக்காதீர்கள், புறாவும் குரங்கும் சூழ்ந்துகொள்ளும்.

பத்துமலை நிலையத்திலிருந்துதான் வண்டி புறப்படுகிறது. பத்து நிமிடம் முன்னதாகப் போனால் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். வேலை முடிந்து திரும்புகிற கூட்டம் சேருமுன், மூன்று மணிக்குள் புத்ராவில் தஞ்சோங் மாலிம் வண்டியைப் பிடித்துவிடுங்கள்.