லென்ஸ் ஷேடிங் கேலிபரேஷன்: படுத்தியது கேமரா அல்ல, விளக்கு

மூலைகளுக்கு வரும் வெளிச்சமும் நிறமும் நடுப்பகுதியிலிருந்து வேறுபடுவதை அளந்து சரிசெய்வதுதான் லென்ஸ் ஷேடிங் கேலிபரேஷன். அந்தத் திருத்த எண்கள் அடங்கிய டியூனிங் கோப்பு கூடவே வரும், அப்படியே ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அந்த அகலக் கோண எம்12 (சிறிய திருகு வகை) லென்ஸை விற்றார்கள். ராஸ்பெரி பை ஹெச்க்யூ கேமராவில் மாட்டி அவர்கள் கோப்பை ஏற்றினால் நடுவில் இளஞ்சிவப்பு, நாலு மூலையிலும் பச்சை. அந்த ஜேசன் (JSON) வடிவக் கோப்பைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. வெளிச்ச அட்டவணையில் மூலை கெயின் (வெளிச்சத்தைப் பெருக்கும் மடங்கு) 1.4ஐத் தாண்டவில்லை, இந்த லென்ஸிலோ மூலைக்கு வருவது நடுப்பகுதி வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேறு ஏதோ லென்ஸுக்கு எடுத்த கோப்பு. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதைத்தான் சார் கொடுக்கிறோம்" என்றார்கள். யார் கொடுத்த கோப்பாக இருந்தாலும் முதலில் அந்த எண்களைப் படித்துப் பாருங்கள்.

ராஸ்பெரி பையின் கேமரா டியூனிங் டூலை நிறுவுவது, டிஎன்ஜி (சென்சார் தருவதை அப்படியே சேமிக்கும் வடிவம்) படம் எடுப்பது, கோப்புப் பெயரில் விளக்கின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைச் சேர்ப்பது எல்லாம் சுலபம். விளக்கில்தான் சிக்கல்.

டூல் படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுக்கிறது: பை 4 வரை 16 × 12, பை 5க்கு 32 × 32. விளக்கு எங்கே மங்கலோ அங்கே லென்ஸ் மங்கல் என்றே அது எடுத்துக்கொள்ளும். 'சீரான ஒளி' என்று விற்கும் எல்இடி பேனலை நம்பவே நம்பாதீர்கள். ஒரு படம் எடுத்து, கேமராவை மட்டும் 180 டிகிரி திருப்பி இன்னொன்று எடுங்கள். மங்கலான பக்கம் படத்தில் இடம் மாறினால் குறை பேனலில், மாறாவிட்டால் லென்ஸில். எனக்கு மாறியது. லென்ஸ் முகப்பை ஒட்டி 3 மி.மீ. ஓபல் அக்ரிலிக் தகடு வைத்து, இரண்டு திசைப் படங்களையும் ஒரே கெல்வின் எண்ணில் கொடுத்த பிறகுதான் அடங்கியது. பேனலின் நடு மட்டும் பளிச்சென்று இருந்தால் திருப்புவதில் தெரியாது, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும். 100 டிகிரிக்கு மேற்பட்ட லென்ஸ் என்றால் அக்ரிலிக்கே சாய்கோணத்தில் மங்கும். அதற்கு உள்ளே வெள்ளை பூசி ஒளியைச் சீராகப் பரப்பும் ஒருங்கிணைப்புக் கோளம்தான் வழி. எல்சிடி திரையை வெள்ளையாக்கி எடுப்பது எதற்கும் உதவாது. கோணம் மாறினால் அதன் நிறமே மாறிவிடும்.

அடுத்தது கோடுகள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். எக்ஸ்போஷரை 10, 20, 30 மில்லிசெகண்ட் என்று வைக்காவிட்டால் படத்தை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் அந்தத் துடிப்பைப் பட்டைகளாகப் பதிந்து, அட்டவணைக்குள்ளும் கொண்டுபோய்விடும். டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் விடுங்கள். வெளிச்சம் அதிகமானால் பேனலைத் தள்ளி வையுங்கள்.

பிளாக் லெவலை (ஒளியே இல்லாதபோதும் சென்சார் தரும் எண்) கழிக்காமல் சொந்த ஸ்கிரிப்டில் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்க்யூ கேமராவின் ஐஎம்எக்ஸ்477 சென்சாரில் 12 பிட்டுக்கு அது 256. நடுவில் 2816, மூலையில் 896 என்றால் பார்வைக்கு விகிதம் 3.14, கழித்தபின் 2560க்கு 640, சரியாக 4. மூலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருட்டாகவே நின்றுவிடும். நடுப்பகுதியை 2800 அளவில் நிறுத்துங்கள். அது 12 பிட்டின் உச்சமான 4095ஐத் தொட்டுவிட்டால் அந்தப் படத்தைத் தூக்கி எறியலாம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது 3000 கெல்வின். இந்த லென்ஸின் பின்புறம் பூச்சு வகை ஐஆர் (அகச்சிவப்பு) வடிகட்டி இருக்கிறது. ஒளி சாய்வாக விழும்போது அதன் வெட்டு எல்லை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும். மூலையில் சிவப்பு குறையும். ஹாலஜனில் அந்த அடர்சிவப்பு ஏராளம், எல்இடியில் சொற்பம். ஆகவே இரண்டும் 3000 கெல்வின் என்றாலும் சிவப்பு அட்டவணை வேறுவேறாக வரும். அட்டவணையோ கெல்வினை மட்டுமே அறியும். இரண்டையும் கலந்து கொடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒரு சராசரி கிடைக்கும். கேமரா எந்த விளக்கின் கீழ் வேலை செய்யப்போகிறதோ அதை வைத்து எடுங்கள். பகல் வெளிச்சத்துக்குக் காசே வேண்டாம்: சீராக மேகம் மூடிய வானத்தை நோக்கி லென்ஸைச் செங்குத்தாக வைத்து, மேலே அக்ரிலிக் தகடு. வாங்கிய பேனலைவிட இது சுத்தமாக வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

வெளிச்சத் திருத்தத்தின் பலத்தை 1 என்று விடாதீர்கள். மூலையில் 4 மடங்கு கெயின் என்றால் நாய்ஸும் 4 மடங்கு, 0.7 வைத்தால் மூலை கொஞ்சம் இருண்டாலும் படம் பார்க்கும்படி இருக்கும். நிறத் திருத்தத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். புதிய கோப்பை ஏற்றி ஒரு சாம்பல் அட்டையை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்து எடுத்து, சிவப்பு-பச்சை, நீலம்-பச்சை விகிதங்களை ஒப்பிடுங்கள். எனக்கு 2 சதவீதத்துக்குள் வந்தது. இது சரியாகும்வரை மேக்பெத் (நிறக் கட்டங்கள் கொண்ட) அட்டைப் பக்கம் போகாதீர்கள். வெள்ளைச் சமநிலையும் நிற மேட்ரிக்ஸும் இந்த அட்டவணையின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன.

எம்12 லென்ஸ் திருகும்போது ஒளி மையம் லேசாக இடம் மாறும். ஃபோகஸை முடித்து லாக் நட்டை இறுக்கிய பிறகே கேலிபரேஷன் படங்களைத் தொடங்குங்கள். பிறகு ஃபோகஸைத் தொட்டால் மூலைகளை மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.