சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாந்து பார்க்காதீர்கள்

மூக்கில் ரத்தம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் சொல்வது, "தலையைத் தூக்கு, அண்ணாந்து பார்" என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டைக்குள் இறங்கும். வயிற்றுக்குள் போன ரத்தம் குமட்டி வாந்தியாக வரும். மூச்சுக்குழாய்க்குள் போனால் புரையேறும். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்பதும் வெளியே தெரியாது.

பெரும்பாலும் ரத்தம் வருவது மூக்கின் நடுச்சுவரில், நுனியை ஒட்டிய முன்பகுதியிலிருந்துதான். பல ரத்தக்குழாய்கள் கூடுமிடம் அது. மேலே மூடியிருப்பதோ மெல்லிய சவ்வு. விரல் எட்டும் இடம் என்பதால்தான் அடிக்கடி உடைகிறது. விரலால் அழுத்தி நிறுத்த முடிவதும் அதனால்தான்.

நேராக உட்கார்ந்து, உடலைச் சற்று முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மென்மையான கீழ்ப்பாதியை, இரண்டு துவாரமும் மூடும்படி இறுக்கிப் பிடியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: மேலே எலும்பைப் பிடிக்கிறார்கள். எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே உடைந்த இடத்தில் அழுத்தம் விழாது. வாயால் மூச்சு விடுங்கள், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பிவிடுங்கள். கடிகாரம் பார்த்து 10 முதல் 15 நிமிடம் பிடியுங்கள். "நின்றுவிட்டதா" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுப் பார்த்தால், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தக்கட்டி பிய்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம். ஐஸ் வைக்கலாம், ஆனால் அழுத்திப் பிடிப்பதற்கு அது மாற்று அல்ல. பஞ்சையோ டிஷ்யூவையோ உள்ளே திணிக்காதீர்கள். உருவும்போது ஒட்டியிருந்த பொருக்கும் சேர்ந்து வந்துவிடும்.

நின்ற பிறகு அன்று முழுவதும் மூக்கைச் சிந்தக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, மிகச் சூடாக எதையும் குடிக்க வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அடிக்கடி வருகிறதென்றால் மூக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீர்ச் சொட்டு அல்லது ஸ்பிரே தினம் இரண்டு மூன்று முறை. படுக்கும் முன் பட்டாணி அளவு வாசலினைத் துவாரத்தின் முன்பகுதியில் மென்மையாகத் தடவினால் போதும், ஆழமாக விரலை விட வேண்டாம். குழந்தைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அலர்ஜிக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே அடிப்பவர்கள் அதை நடுச்சுவரை நோக்கி அடிப்பதால் புண்ணாகிறது. வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை என்று மாற்றிப் பிடித்தால், முனை தானாகவே வெளிப்புறம் திரும்பும்.

20, 30 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை, தலையிலோ முகத்திலோ அடிபட்ட பின் வந்தது, மயக்கம் வருகிறது, முன்னால் குனிந்திருந்தும் தொண்டையில் ரத்தம் கொட்டுகிறது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அந்த 20, 30 நிமிடம் காத்திருக்காமல் முன்பே கிளம்பிவிடலாம். ஆனால் மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால், ஒருமுறைதான் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு குழந்தைக்கு ஒரே துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு ரத்தம் கலந்த சளி வந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நடுச்சுவரை அரித்துவிடும், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.