மாலிப்டினம் இல்லாவிட்டால்? லைக்கன் பாடத்தில் நான் தடுமாறிய கேள்வி

"மாலிப்டினம் கிடைக்காவிட்டால் லைக்கனில் நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்ன ஆகும்?" முதுகலை வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டார்கள். (லைக்கன் என்பது பூஞ்சையும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியோ பாக்டீரியாவோ சேர்ந்து வாழும் கூட்டுயிரி. காற்றிலுள்ள நைட்ரஜனை உயிர்கள் பயன்படுத்தக்கூடிய அம்மோனியாவாக மாற்றுவதுதான் நிலைப்படுத்தல்.) யோசிக்காமல் "நின்றுவிடும்" என்றேன். தவறு. இரும்பு, மாலிப்டினம், வனேடியம் என்று வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, எது எங்கே இருந்து என்ன வேலை செய்கிறது என்று தொடர்ந்து பார்த்ததே இல்லை. திரும்பப் படித்தபோது எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் யார் நிலைப்படுத்துகிறார்கள் என்பதில் தெளிவாக இருங்கள். பூஞ்சையும் இல்லை, பச்சைப்பாசியும் இல்லை, நாஸ்டாக் போன்ற சயனோபாக்டீரியாதான். அதனால் எல்லா லைக்கனுக்கும் இந்தத் திறன் கிடையாது. பெல்டிஜெரா ஆப்தோசா என்ற லைக்கனில் மூவரும் சேர்ந்து இருக்கிறார்கள், அதில் நாஸ்டாக்கின் இடம் மேற்பரப்பில் கரும்புள்ளிகளாகத் தெரியும் செஃபலோடியா.

அப்புறம் நிலைப்படுத்தலைச் செய்யும் நைட்ரோஜினேஸ் நொதி. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எலக்ட்ரான் போகும் வழியை நீங்களே ஒரு தாளில் வரையுங்கள்: இரும்புப் புரதத்திலிருந்து 8 இரும்பு அணுக்கள் கொண்ட பி-கொத்துக்கு, அங்கிருந்து 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், நடுவில் ஒரு கார்பன் உள்ள கொத்துக்கு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான், 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு). வரைந்து முடித்தபோதுதான் மாலிப்டினம் ஒரே ஒரு அணு என்பது எனக்கு உறைத்தது, அந்த இடத்தில் வேறொன்று வந்தால் என்ன என்ற கேள்வியும் கூடவே வந்தது. வனேடியம் வரும். ஆனால் பழைய நொதியிலேயே அணு மட்டும் மாறுவதாக எழுதிவிடாதீர்கள், வனேடியம் நைட்ரோஜினேஸ் தனி மரபணுக்களிலிருந்து உருவாகும் தனி நொதி. அதற்கு ஏடிபி கூடுதலாகச் செலவாகும், ஹைட்ரஜனாக வீணாகும் எலக்ட்ரானும் அதிகம்.

பிறகு ஏன் அதைப் பயன்படுத்த வேண்டும்? புவி ஓட்டில் வனேடியம் மாலிப்டினத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு அதிகம். லைக்கனுக்கு வேர் இல்லை, காற்றில் வரும் தூசியும் மழையும் கொடுப்பதை வைத்துத்தான் அது வாழ்கிறது, அதனால் இந்த மாற்றுவழி அதற்கு உண்மையிலேயே பெரிய விஷயம். கிழக்குக் கனடாவின் வடகாடுகளில் பெல்டிஜெராவை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், லைக்கனில் மாலிப்டினம் கிராமுக்குச் சுமார் 250 நானோகிராமுக்குக் கீழே போனதும் வனேடியம் நொதியின் பங்கு ஏறியது. எண்ணோடு சொல்ல முடிகிற எடுத்துக்காட்டு இது, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தாண்டிப்போகும் பகுதி அளவீடு. நைட்ரோஜினேஸ் அசிட்டிலீனையும் எத்திலீனாக மாற்றும், அதனால் அந்த மாற்றத்தை அளந்து, வழக்கமான விகிதத்தால் வகுத்து நைட்ரஜன் கணக்குப் போடுகிறோம். அந்த விகிதம் மாலிப்டினம் நொதிக்குரியது. வனேடியம் நொதி அசிட்டிலீனை அந்த அளவுக்கு மாற்றாது, கொஞ்சம் ஈத்தேனும் கொடுக்கும்.

சரி, இதையெல்லாம் படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்து இந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்: ஓரிடத்தில் மாலிப்டினம் குறைந்தது, அசிட்டிலீன் அளவீடும் பாதியானது, அப்படியானால் நைட்ரஜன் நிலைப்படுத்தலும் பாதியாகிவிட்டதா?