குறுக்கு வலிக்கு ஒரு சீட்டு

கம்பத்தில் வீடு, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை இறக்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் பட்டதும் பஸ்ஸில் எழுந்து நின்றுகொள்வேன். அதற்கு மேல் வளைவுதான். காலி சீட்டைக் காட்டி "உக்காருங்க சார்" என்பார்கள். வேண்டாம் என்றால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களோ என்னவோ. நிற்பதைவிட உட்காரும்போதுதான், அதிலும் முன்னால் குனிந்து உட்காரும்போது, முதுகெலும்பு வட்டின் (டிஸ்க்) மேல் அழுத்தம் கூடும் என்று ஓடுகிற பஸ்ஸில் யாருக்கு விளக்குவது?

2019-இல் ஸ்கேன் எடுத்தேன். இடுப்பில் இருக்கும் 5 முள்ளெலும்புகளில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி புட்டத்தில் தொடங்கிக் கால் பெருவிரல் வரை மின்சாரம் போல இறங்கும். டாக்டர் நிதானமான ஆள். "வலியே இல்லாதவங்க ஸ்கேன்லயும் இந்தப் பிதுக்கம் இருக்கும், படத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. படுத்தே கிடக்காம நடங்க" என்றார். தொடையிடுக்கு மரத்துப்போய் சிறுநீரும் நின்றால் மட்டும் அன்று ராத்திரியே வந்துவிட வேண்டும் என்றார். அந்த ஒன்று இன்னும் மனசில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்கேனுக்கு முந்தைய ஒன்றரை வருடம் ஆபீசில் நான் ஒரு கேலிப்பொருள். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன வலி என்றார்கள். ரிப்போர்ட்டைக் காட்டிய மறுவாரம் நல்ல நாற்காலி வந்தது, நின்று எழுத உயரமான மேசையும் வந்தது. வலி அதேதான். கையில் ஒரு காகிதம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். காய் என்னவோ அடியில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து வரும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்கிறார்கள். என் மலையாளி சகா நடுவேதனை என்பார், நான் டிஸ்க் என்பேன், அவர்கள் குறுக்கு வலி என்பார்கள். கை வைத்துக் காட்டும் இடம் ஒன்றுதான்.

செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதுவது நான். என்னால் எழுந்திருக்க முடியாத நாளில் என் பெயருக்கு நேரே மருத்துவ விடுப்பு. அவர்கள் வராத நாளில் ஆப்சென்ட். இரண்டையும் எழுதுவது ஒரே பேனா. காரணம் தெரிந்தும் எழுதியிருக்கிறேன். செக்ரோலில் குறுக்கு வலிக்குக் கட்டம் கிடையாது.

போன சீசனில் ஒரு அக்கா எடை போட வந்தபோது தராசுத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என்னிடம் இருந்த இடுப்பு பெல்ட்டைக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. மூன்றாம் நாள் பாலித்தீன் பையில் மடித்து மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதைக் கட்டிக்கிட்டு எப்பிடிக் குனியறது?"