முதல் கோஃபர் பாம்பு: சீறலை வைத்து முடிவு செய்யாதீர்கள்

பாம்பு வளர்க்க விரும்பிப் புதிதாக வருபவர்களுக்குச் சாதுவான கார்ன் ஸ்நேக் என்னும் பாம்பைப் பரிந்துரைப்பவர்கள், கோஃபர் ஸ்நேக்கையும் புல் ஸ்நேக்கையும் (Bull snake) "கொஞ்சம் அனுபவம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், அவற்றின் சீறல். புல் ஸ்நேக் ஒன்றை வளர்த்து வருபவன் என்ற முறையில், இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் தயங்க வேண்டுமென்றால் அந்தப் பாம்பின் நீளத்தையும், அதன் ஆயுளையும் எண்ணித் தயங்கலாம். ஓசைக்காகத் தயங்க வேண்டியதில்லை.

இவை வட அமெரிக்காவைச் சேர்ந்த பிட்யூஓஃபிஸ் என்னும் பேரினத்தின் நஞ்சற்ற பாம்புகள். இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்பவை. கோஃபர் ஸ்நேக் என்பது கண்டத்தின் மேற்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் பரவலாக வாழும் இனம். அதன் துணையினங்களுள் ஒன்றுதான், நடுப்பகுதியின் பெரும் புல்வெளிகளில் வாழும் புல் ஸ்நேக். வாங்குபவருக்கு இந்த வகைப்பாடு முக்கியமாவது அளவினால்தான். பசிபிக் கோஃபர், சான் டியேகோ கோஃபர் போன்ற மற்றத் துணையினங்கள் பெரும்பாலும் 4 அல்லது 5 அடியோடு நின்றுவிடும். புல் ஸ்நேக் 6 அடியை எளிதில் எட்டும். 7 அடியைத் தாண்டுவதும் உண்டு, உடலும் அதற்கேற்பப் பருத்திருக்கும். வீட்டில் இடம் குறைவென்றால் கோஃபரே போதும் என்பது என் கருத்து. குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஓரடியிலிருந்து ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும் என்பதால், குட்டியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும்.

இனி அந்தச் சீறலுக்கு வருவோம். மற்றப் பாம்புகளும் சீறும்; ஆனால் இந்தப் பேரினத்தின் மூச்சுக்குழல் வாயிலின் முன்னே மெல்லிய குருத்தெலும்பு மடல் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. காற்றைப் பலமாக வெளியேற்றும்போது அந்த மடலோடு குரல்வளைக்குள் இருக்கும் மெல்லிய திசுத் தகடும் சேர்ந்து, ஓசையைக் கரகரப்பாகவும் உரக்கவும் எழுப்புகின்றன. அத்துடன் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும், கழுத்தை வளைத்து உயர்த்தும், வால் நுனியைக் காய்ந்த சருகில் படும்படி அதிரவைக்கும். எல்லாம் சேர்ந்து பார்ப்பவருக்கு அது, வாலைக் கிலுக்கி எச்சரிக்கும் நச்சுப் பாம்பான கிலுகிலுப்பை விரியனாகவே தோன்றும். அந்த விரியனென்று எண்ணி மனிதர்கள் இதை அடித்துக் கொல்வதும் வட அமெரிக்காவில் இன்றும் நடக்கிறது. பொரித்து வந்த சில வாரக் குட்டியே இந்தக் கூத்தை முழுமையாக நடத்தும். முன்னோக்கிப் பாயும்போதும் பல நேரங்களில் வாயைத் திறப்பதில்லை, மூக்கால் மோதிவிட்டுப் பின்வாங்குகிறது. பதறாமல் உடலின் நடுப்பகுதியைக் கீழிருந்து தாங்கித் தூக்கிவிட்டால், உப்பியிருந்த உடல் மெல்லத் தளர்வதையும், நாக்கு நீண்டு நிதானமாக அசையத் தொடங்குவதையும் காணலாம். கடித்தாலும் குட்டியின் கடி கீறலளவே. வளர்ந்த புல் ஸ்நேக்கின் கடி வலிக்கும், இரத்தமும் வரும், அதை மறைப்பானேன்!

ஆகவே, சீறாத குட்டியைத் தேடி அலைவதில் பொருளில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது வளர்ப்பில் பொரித்ததா என்பது. காட்டில் பிடிக்கப்பட்டவை உள்ளொட்டுண்ணிகளைச் சுமந்து வரக்கூடும், கூண்டில் இரையெடுக்க மறுக்கவும் கூடும். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் பல இடங்களில் சட்டத்துக்குப் புறம்பானது. உங்கள் பகுதியில் இந்தப் பாம்பை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது கேள்வி, உறையவைத்து இளக்கிய எலியைத் தொடர்ந்து உண்கிறதா என்பது. உணவுப் பதிவேட்டைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன். பிறகு பாம்பையே பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும் (சட்டை உரிக்கும் முன் நீலம் பாய்வது இயல்பு). மூக்கில் நுரையோ வாயோரத்தில் சளியோ கூடாது. தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் கரும்புள்ளிகளாக ஊரும் உண்ணிகள் இருக்கக் கூடாது. கையில் எடுத்தால் உடல் தொய்யாமல் தசை இறுக்கத்தோடு நெளிய வேண்டும். வெண்மை, மஞ்சள் என்ற நிற வகைகளுக்கு அதிக விலை கொடுப்பது அவரவர் விருப்பம். அவற்றின் பராமரிப்பில் எந்த வேறுபாடும் இல்லை.

கூண்டைப் பொறுத்தவரை, வளர்ந்த கோஃபருக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் குறைந்தபட்சம். புல் ஸ்நேக்குக்கு 6 அடி நீளம் கொடுக்க முடிந்தால் நல்லது. இவை ஓரிடத்தில் சுருண்டு கிடக்கும் சோம்பேறிகள் அல்ல, பகலிலேயே உலவும், மூக்கால் ஒவ்வொரு இடுக்கையும் தள்ளிப் பார்க்கும். பூட்டில்லாத மூடியை ஒரே இரவில் திறந்துவிடும் வலிமை அவற்றுக்கு உண்டு. தரையில் ஆஸ்பென் மரச்சீவலை 4 அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். தேவதாரு வகை மரச்சீவலின் நெடி பாம்பின் நுரையீரலுக்குக் கேடு. ஆழமாகப் பரப்பிய கூண்டில்தான் இதன் உண்மையான திறமை தெரியும். கூர்மையான மூக்கை உள்ளே நுழைத்து, தலையையும் கழுத்தையும் கொக்கிபோல் மடக்கி, சீவலை அள்ளிப் பின்னுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மீண்டும் நுழையும். நிலத்தடி வளைகளில் கோஃபர் என்னும் கொறிணிகளை வேட்டையாடும் பிராணி அது. இந்தக் காட்சிக்காகவே இதை வளர்க்கலாம் என்பேன்.

வெப்பமான பக்கம் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 23 அல்லது 24 என்றிருந்தால் போதும். வெப்பக் கருவி எதுவானாலும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தாதீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் தேவை, இல்லையென்றால் ஒளிவதற்காக அது வெப்பத்தைத் தியாகம் செய்யும். காற்று உலர்ந்தே இருக்கலாம். ஈரம் தேங்கிய கூண்டில் மூச்சுத் தொற்று எளிதில் வரும். கண் நீலம் பாய்ந்த நாட்களில் மட்டும் ஈரப் பாசி வைத்த பெட்டி ஒன்றை உள்ளே வைத்தால், சட்டை ஒரே துண்டாகக் கழன்றுவரும்.

உணவில் இந்தப் பாம்பு பெருந்தீனிக்காரர். குட்டிக்கு வாரம் ஒருமுறை, உடலின் பருத்த பகுதி அளவுள்ள ஓர் எலி. வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கொழுத்துவிடும், ஏனென்றால் அது எப்போதும் கேட்கும். கூண்டைத் திறந்தவுடன் பாய்ந்து வருவது பெரும்பாலும் கோபத்தால் அல்ல, பசியால்தான். ஆகையால் இரையை நீண்ட இடுக்கியால் மட்டும் நீட்டுங்கள், எலி வாசனை கையில் இருக்கும்போது பாம்பைத் தொடாதீர்கள். தூக்க வேண்டிய நாளில் முதலில் ஒரு கொக்கியால் உடலை மெல்லத் தொட்டால், வந்திருப்பது உணவில்லை என்று அது விரைவில் பழகிக்கொள்ளும். உண்ட பின் இரண்டு நாள் தொடாமல் விடுங்கள், தொட்டால் கக்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள், ஆரோக்கியமான பாம்பின் உடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, மூன்று நான்கு முறை இரையெடுத்த பிறகு தூக்கத் தொடங்கினால் போதும். வளர்ந்த ஆண் பாம்பு வசந்த காலத்தில் இணை தேடும் வேகத்தில் சில வாரங்கள் உண்ணாமல் இருக்கும். எடை குறையாதவரை அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குட்டி தொடர்ந்து உண்ண மறுத்தாலோ, எடை சரிந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பாம்பை வாங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.